கல்யாண செட்டிங்

ஜூலை 18, வியாழன்

மனைவிக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 212.

டாக்டர் லிடியா எழுதி வைக்கச் சொன்னது இந்த எண்ணை மட்டும்தான். தீப்பெட்டிக் கம்பெனியில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. அதை எடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள், மூன்று இலக்கத்தை எழுதிவிட்டு மூடினால் பக்கம் பாவமாகத் தெரிகிறது. மீதி இடத்தில் நான் பேசிக்கொள்கிறேன். வீட்டில்தான் பேச விடுவதில்லையே.

நடந்தது இதுதான். என் மனைவி செண்பகவல்லிக்கு வலது காலில் குண்டூசி ஏறிவிட்டது. ப்ளவுஸ் தைக்கிறவள் வீட்டில் தரையில் குண்டூசி கிடப்பது பெரிய விஷயமில்லை. ஏறியது அவளுக்குத் தெரியவே இல்லை என்பதுதான் விஷயம். எட்டு வருஷச் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி செத்துப்போயிருக்கிறது. முந்தாநாள் தையல் மெஷினிலிருந்து அடுப்படி வரைக்கும் தரையில் சிவப்புப் புள்ளிகள். "குங்குமத்தக் கொட்டிட்டியா?" என்று கேட்டேன். உட்காரவைத்துக் காலைத் திருப்பிப் பார்த்தால், கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கால் சதையில் ஊசியின் வெள்ளைக் கொண்டை மட்டும் தெரிகிறது.

"அட, இதத்தான நாலு நாளாத் தேடுதேன்" என்கிறாள். சிரிப்பு வேறு.

நேற்று கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் லிடியா புண்ணைக் கீறிச் சுத்தம் செய்தார். காலை ஊன்றக் கூடாது, மெஷின் மிதிக்கக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் சிஸ்டர் ராஜகனி வீட்டுக்கு வந்து கட்டு மாற்றுவார். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் அலைய வேண்டாம், திங்களும் வியாழனும் புண்ணைப் படம் எடுத்து, சர்க்கரை எண்ணையும் சேர்த்து என் போனுக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர்.

"போட்டோவா? அதுக்கென்ன டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரரு இந்த ஊரையே எடுக்கிறவரு" என்றாள் செண்பகம். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஜூலை 19

206. ஆவணிக் கல்யாணங்களுக்குப் பதினான்கு ப்ளவுஸ் ஒப்புக்கொண்டிருக்கிறாள். திருப்பிக் கொடுத்துவிடு என்றேன். "கட்டிலு மேல உக்காந்து கொக்கி கட்டலாம்ல" என்கிறாள். அப்புறம் கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தக் காலு வேணுங்க எனக்கு. மெஷினு இந்தக் காலோட மிதிக்குத்தான் கட்டுப்படுது" என்றாள்.

ஜூலை 22, திங்கள்

198. முதல் படம் டாக்டருக்குப் போய்விட்டது. எடுத்தது நானில்லை.

நான் ஸ்டூடியோவில் இருந்தேன். வந்து பார்த்தால் வேலை முடிந்திருக்கிறது. ஜன்னலோரம் கட்டிலை இழுத்துப் போட்டு, வலது காலை இடது தொடை மேல் தூக்கி வைத்து, அடியில் வெள்ளை லைனிங் துணி விரித்து, புண்ணுக்குப் பக்கத்தில் தையல் டேப்பையும் வைத்துத் தானே எடுத்திருக்கிறாள். தன்னுடைய சோப்பு டப்பாவில்.

சோப்பு டப்பா என்பது நான் வைத்த பெயர். பத்து வருஷத்துக்கு முந்தி வாங்கிய சின்ன கேமரா. முதுகுக் கழுத்து டிசைன்களை எடுத்து வாடிக்கைப் பெண்களுக்கு அனுப்புவதற்காக நூல்கண்டு டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். கார்டை உருவிப் போனில் செருகி அவளே அனுப்பிவிடுவாள். போனிலேயே எடுத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டதற்கு, "போனு அரக்குக் கலர ரோஸாக் காட்டுது. சேலைக்கும் ப்ளவுஸுக்கும் ஒட்டலன்னு என்னத்தான் வைவாளுக. இது உள்ளதக் காட்டும்" என்றாள்.

டாக்டரிடமிருந்து பதில்: "மிகவும் தெளிவான படம். டேப் வைத்தது நல்லது. கால் இஞ்சு. நிறம் பரவாயில்லை."

இருபத்தெட்டு வருஷமாகப் படம் எடுக்கிறேன். மிகவும் தெளிவான படம் என்று எனக்கு யாரும் எழுதி அனுப்பியதில்லை. சும்மா சொல்கிறேன், எனக்கென்ன இதில்.

ஜூலை 26, வெள்ளி

189. கேமரா வந்துவிட்டது!

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டூடியோ திறந்ததிலிருந்து கல்யாணப் பார்ட்டிகள் என் கடைக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, என்ன கேமரா வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். படத்தைப் பார்ப்பதில்லை. ஆறு மாதமாக இணையத்தில் எத்தனையோ பேர் இந்தக் கேமராவைப் பற்றிப் பேசக் கேட்டாயிற்று. இருட்டிலும் பகல் மாதிரி எடுக்குமாம். இதோடு வந்திருக்கிற லென்ஸுக்கு வாய் அவ்வளவு அகலம், உள்ளே பார்த்தால் கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. விலையை இங்கே எழுதப்போவதில்லை, இந்த டைரி எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் கிடக்கிறது.

செண்பகம் வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்தாள். "பொறந்த பிள்ள கனம் கனக்கு" என்றாள். பிறகு, "நீங்க எடுத்த படத்துல எதாவது ஒண்ணு, பழைய கேமராவால கெட்டுப்போச்சுன்னு யாராவது சொல்லிருக்காங்களா?" என்று கேட்டாள்.

யாரும் சொன்னதில்லை. அதுவா விஷயம்?

ஜூலை 28

193. ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, கடையில் ஈ ஓட்டுகிற நேரம். இரண்டு நாளாகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு செட்டிங் செய்து முடித்தேன். புதுக் கேமராவின் படங்கள் கம்ப்யூட்டருக்குள் இறங்கும்போதே தோல் தானாக வெளுத்து, கருவளையம், கரும்புள்ளி, திட்டு எல்லாம் மறைந்து, மணப்பெண் முகம் பளிங்காகிவிடும். நான் கை வைக்கவே வேண்டாம். உள்ளே வருகிற ஒவ்வொரு படத்துக்கும் அதுவாகவே விழும். கல்யாண செட்டிங் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் வரும், எத்தனை நாள் வேலை மிச்சம்!

பழைய ஆல்பத்திலிருந்து ஒரு பெண்ணின் படத்தில் போட்டுக் காட்டினேன். செண்பகம் பார்த்துவிட்டு, "இது நம்ம தபால்காரரு மகளா? அடையாளமே தெரியலயே" என்றாள்.

ஜூலை 29, திங்கள்

184. இன்று நான் எடுத்தேன். வீட்டில் இப்படி ஒரு கேமராவை வைத்துக்கொண்டு டாக்டருக்குச் சோப்பு டப்பாவில் எடுத்து அனுப்புவது எனக்கு அசிங்கம்.

லென்ஸ் ரொம்பக் கிட்டப் போனால் பிடிக்காது, தள்ளி நின்றுதான் எடுக்க வேண்டும். நின்றேன். கட்டைவிரல் கூர்மையாக, குதிகால் பின்னால் பஞ்சு மாதிரி கரைந்து, ஜன்னல் வெளிச்சம் ஓரத்தில் விழுந்து, கால் என்று சொல்ல முடியாது, அவ்வளவு அழகு. டேப்பை எடுத்துவிடச் சொன்னேன். மஞ்சள் டேப் படத்தைக் கெடுக்கிறது.

"அளவு தெரிய வேணாமா?" என்றாள்.

"டாக்டருக்குக் கண்ணு இருக்கு."

கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் இறக்கி அனுப்பினேன். "நன்றாக ஆறிவருகிறது. நிறம் நன்றாக இருக்கிறது" என்று பதில் வந்தது. செண்பகத்திடம் காட்டினேன். கண்ணை மூடி, எங்கள் ஊர் அம்மன் பெயரை, அவள் பெயரும் அதுதான், சொல்லிக் கும்பிட்டாள்.

ஆகஸ்டு 1

176. படம் அனுப்பினேன். "நல்ல முன்னேற்றம்."

ஆகஸ்டு 3

171. ஆடிப்பெருக்கு. தேங்காய் சாதம் அவளுக்கு ஒரு கரண்டி மட்டும் போட்டேன். முறைத்தாள்.

ஆகஸ்டு 5, திங்கள்

180. படம். "நிறம் நன்று. இதே மருந்தைத் தொடரவும்."

ஆகஸ்டு 8, வியாழன்

191. காலையில் கட்டைப் பிரித்ததும், "ஓரத்துல கருப்பா இருக்குல்ல?" என்றாள். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தெரிந்தது. படம் எடுத்துக் கடையில் பெரிதாக்கிப் பார்த்தேன், கருப்பு ஒன்றும் இல்லை. சதை ரோஜா நிறத்தில் இருக்கிறது. மத்தியானம் சாப்பிட வந்தபோது போனில் காட்டினேன்.

"வீட்டு டியூப்லைட்டு பழசு. அதுல எல்லாமே கருப்பாத்தான் தெரியும். இந்தக் கேமரா பொய் சொல்லாது" என்றேன்.

"ஜன்னல் தொறந்துல்ல இருந்துச்சு" என்றாள். அப்புறம் படத்தையும் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "சரி, நீங்க சொன்னா சரிதான்" என்றாள்.

டியூப்லைட்டை மாற்றிவிட்டேன்.

ஆகஸ்டு 12, திங்கள்

223. ஏன் ஏறுகிறது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்த ஆடிக் கூழில் சர்க்கரை போட்டிருப்பார்கள். திட்டினேன்.

சிஸ்டர் ராஜகனி கட்டு மாற்றிவிட்டுப் போகும்போது வாசலில் நின்று, "அண்ணாச்சி, எனக்கென்னமோ சரியாப் படல. அக்காவ ஒரு எட்டு திருநவேலிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். காலையில் அனுப்பிய படத்தையும் டாக்டரின் பதிலையும் எடுத்துக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "டாக்டரம்மாவே சொல்லிட்டாங்கன்னா சரி" என்று செருப்பைப் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்டு 15, வியாழன்

231. சிஸ்டர் ராஜகனி ஊருக்குப் போயிருக்கிறார், கட்டை நான்தான் மாற்றுகிறேன். அறையில் ஒரு வாடை. மருந்து வாடைதான். சாம்பிராணி போட்டேன்.

ஆகஸ்டு 19, திங்கள்

240. டாக்டர் இன்று கேள்வி கேட்டு அனுப்பியிருந்தார். "படம் நன்றாக இருக்கிறது, ஆனால் சர்க்கரை ஏறுகிறதே. வாடை, காய்ச்சல் இருக்கிறதா?" இல்லை என்று பதில் போட்டேன். காய்ச்சல் இல்லை. வாடை மருந்து வாடை. "சரி, அடுத்த திங்கள் ஒருமுறை நேரில் வாருங்கள்" என்றார்.

வியாழனும் வெள்ளியும் கடம்பூரில் கல்யாணம். புதுக் கேமராவுக்கு முதல் கல்யாணம். திங்கள் என்றால் தோதாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்டு 22, வியாழன்

கல்யாணத்துக்குக் கிளம்புகிற அவசரம். சர்க்கரை பார்க்கவில்லை. படமும் எடுக்கவில்லை.

ஆகஸ்டு 24, சனி

கடம்பூரில் எல்லோரும் கேமராவைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தம்பி தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டு வாங்கிப் பார்த்தான். நான் வீடு வந்தபோது செண்பகம் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். தொட்டால் அடுப்பு மாதிரி கொதிக்கிறது. "ஒண்ணுமில்ல, நீங்க மொதல்ல சாப்பிடுங்க" என்கிறாள். கட்டைப் பிரித்தேன்.

கார் பிடித்துத் திருநெல்வேலி வந்துவிட்டோம். இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரியை எதற்குக் கையோடு எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. சர்க்கரை 418.

ஆகஸ்டு 25

முழங்காலுக்குக் கீழே என்கிறார்கள்.

ஆகஸ்டு 26, திங்கள்

இன்று நேரில் காட்டுவதாக இருந்த நாள்.

கையெழுத்துப் போட்டேன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது செண்பகம் என்னைக் கூப்பிட்டு, "மெஷினுக்குத் துணி போத்திட்டு வந்தீகளா? தூசி ஏறிரும்" என்றாள். போர்த்தினேன் என்று சொன்னேன். போர்த்தவில்லை.

ஆகஸ்டு 28

164. ஓசூரிலிருந்து மகள் வந்திருக்கிறாள். அம்மாவிடம் சிரித்துப் பேசுகிறாள், வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்று அழுகிறாள். எப்படிப்பா இப்படி ஆச்சு, டாக்டருக்குப் படம் அனுப்பிக்கிட்டுத்தான இருந்தீங்க என்று கேட்டாள். சர்க்கரை வியாதி அப்படித்தாம்மா, திடீரென்று திரும்பிவிடும் என்றேன்.

ஆகஸ்டு 31

151. டாக்டர் லிடியா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் அனுப்பிய படங்களை வரிசையாகத் திறந்து வைத்திருந்தார்.

"எத்தனையோ தடவை பாத்துட்டேன் சார். பத்தொன்பதாம் தேதிப் படத்துல கூட கருப்பு இல்ல. அஞ்சு நாள்ல இவ்வளவு தூரம் போகாது. எனக்குப் புரியல. படம் எடுக்கும்போது ஏதாவது தனி லைட்டு போட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

"வேற எதாவது பண்ணீங்களா?"

"இல்ல டாக்டர்."

கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அப்ப நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன். முன்னாடியே நேர்ல வரச் சொல்லியிருக்கணும். என்னை மன்னிச்சுக்கோங்க" என்றார்.

நான் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 4

148. வீட்டுக்கு வந்துவிட்டோம். மெஷின் மேல் தூசி. துடைத்துத் துணி போர்த்தினேன். கட்டிலில் இருந்து அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 5

கடையைத் திறந்தேன். கம்ப்யூட்டரில் கால் படங்களைத் திறந்து கல்யாண செட்டிங்கை எடுத்துவிட்டுப் பார்த்தேன்.

செப்டம்பர் 6

செப்டம்பர் 7

செப்டம்பர் 8

155. நேற்றும் முந்தாநாளும் தேதி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்டு எட்டாம் தேதியே கருப்பு இருக்கிறது. ஓரத்தில் ஒரு கோடு மாதிரி. பன்னிரண்டாம் தேதி அது விரலைச் சுற்றிவிட்டது. பத்தொன்பதாம் தேதி உள்ளங்காலின் முன்பக்கம் கருப்பு. செட்டிங்கை மறுபடியும் போட்டால் எல்லாம் ரோஜா நிறமாகிவிடுகிறது. மணப்பெண் முகத்துக் கருவளையத்தை எப்படி மறைத்ததோ அப்படியே மறைத்திருக்கிறது. அதற்குக் கருவளையம் எது, செத்த சதை எது என்று தெரியாது. அதைச் செய்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் புண்ணைப் பார்த்த கண்ணும் இருந்தது, மூக்கும் இருந்தது.

டாக்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. செண்பகத்துக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். உப்புப் போட மறந்திருக்கிறேன். சொல்லாமல் குடித்துவிட்டாள்.

செப்டம்பர் 11

149. இல்லாத காலில் கட்டைவிரல் அரிக்கிறது என்கிறாள். உணர்ச்சி இல்லாமல் இருந்த கால், போன பிறகு அரிக்கிறது. எங்கே சொறிந்துவிடுவது?

செப்டம்பர் 14, சனி

143. கருப்பு நூல்கண்டு எடுத்துத் தரச் சொன்னாள். டப்பாவுக்குள் சோப்பு டப்பா இருந்தது. அவள் கட்டில் மேல் உட்கார்ந்து கொக்கி கட்டிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படிக்குக் கொண்டுபோய்க் கேமராவைத் திறந்து பார்த்தேன்.

அவள் நிறுத்தவே இல்லை. நான் எடுக்க ஆரம்பித்த பிறகும் ஒவ்வொரு திங்களும் வியாழனும், நான் கடைக்குப் போன பின்னால், தானே எடுத்து வைத்திருக்கிறாள். அதே ஜன்னல், அதே வெள்ளைத் துணி, அதே டேப். எட்டாம் தேதி அரை இஞ்சு, ஓரம் கருப்பு. பன்னிரண்டாம் தேதி முக்கால். பதினைந்தாம் தேதி ஒன்றே கால். நான் கல்யாணத்துக்குப் போன இருபத்திரண்டாம் தேதியும் ஒன்று இருக்கிறது, டேப்பில் இரண்டே கால். அந்தப் படம் கோணலாக விழுந்திருக்கிறது. காய்ச்சல் அன்றைக்கே வந்திருக்க வேண்டும். அப்படியும் குதிகாலிலிருந்து விரல்நுனி வரைக்கும், டேப்பின் ஒவ்வொரு கோடும் தெரிகிறது.

ஒன்றைக்கூட டாக்டருக்கு அனுப்பவில்லை. என்னிடம் காட்டவில்லை.

அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. என்ன பண்ணுதீக அங்க என்று சத்தம் போட்டாள். நூல்கண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

செப்டம்பர் 17

சொல்லிவிட்டேன்.

காலையில் காப்பி கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். எதற்குத் தரையில் உட்காருகிறீர்கள் என்றாள். செட்டிங் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். நான் முழுவதும் சொல்லி முடித்தேன். டியூப்லைட், வாடை, கடம்பூர், டாக்டர் கேட்டது, நான் இல்லை என்றது, எல்லாம்.

மெஷின் மேல் போர்த்தியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்டேன், "நீயும் எடுத்துக்கிட்டுத்தான இருந்த. ஏன் அனுப்பல?"

"என் கண்ணுக்குக் கருப்பாத்தான் தெரிஞ்சது. என் கேமராவுலயும் கருப்பாத்தான் தெரிஞ்சது. நீங்க கருப்பு இல்லன்னீக. இத்தன வருசமாப் படம் எடுக்கிறவரு சொல்லுதாரு, நம்ம டப்பாதான் கெட்டுப்போச்சு போலன்னு நெனச்சேன்."

அப்புறம், "புதுக் கேமரா வந்ததுலருந்து நீங்க கல்யாண மாப்பிள்ள மாதிரி இருந்தீக. அதப் போயி எதுக்குக் கெடுக்கணும்னும் இருந்துச்சு" என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 18

146. பேசவில்லை.

செப்டம்பர் 19

152. பேசவில்லை. நான் வைத்த குழம்பைச் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 22

147. இன்று ஒரு வார்த்தை பேசினாள். "டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டீகளா?"

இல்லை என்றேன்.

"போயிச் சொல்லுங்க. அந்தம்மா தன்மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இன்னும் எத்தன பேருக்கு வைத்தியம் பாக்கணுமோ."

செப்டம்பர் 23, திங்கள்

திருநெல்வேலிக்குப் போனேன். இரண்டு கேமராவின் படங்களையும் டாக்டர் மேஜை மேல் வைத்துச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டினால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். செண்பகம் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பன்னிரண்டாம் தேதிப் படத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இத அன்னைக்கே பாத்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும் சார்."

இந்த வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். எழுதிவிட்டேன்.

கிளம்பும்போது, "இனிமே இன்னொரு கால்தான் இருக்கு. அதுல சின்னதா எது வந்தாலும் படம் வேணும். அந்தச் சின்ன கேமராவுல" என்றார்.

செப்டம்பர் 30

139. புதுக் கேமராவைப் பெட்டியில் போட்டு பீரோ மேலே வைத்துவிட்டேன். கேமரா மேல் எனக்குக் கோபமில்லை. கடம்பூர்ப் பெண் வீட்டார் ஆல்பம் பிரமாதம் என்கிறார்கள். அதற்கு என்ன தெரியுமோ அதைத்தான் அது செய்திருக்கிறது. பழைய கேமராவிலேயே ஐப்பசிக் கல்யாணங்களை எடுத்துக்கொள்கிறேன். என்ன கேமரா என்று கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

கல்யாண செட்டிங்கை அழித்துவிட்டேன். அழிக்கவா என்று கம்ப்யூட்டர் இரண்டு தடவை கேட்டது.

அக்டோபர் 9

134. மெஷினைக் கட்டில் பக்கம் நகர்த்தச் சொன்னாள். இடது காலால் மிதித்துப் பழகுகிறாள். தையல் கோணுகிறது. பிரிக்கிறாள், மறுபடி தைக்கிறாள். நான் பார்ப்பது தெரிந்தால் நிறுத்திவிடுகிறாள். அதனால் நான் பார்ப்பதில்லை.

அக்டோபர் 20

129. தீபாவளிக்கு மூன்று ப்ளவுஸ் ஒப்புக்கொண்டிருக்கிறாள். வழக்கமாக முப்பது வரும். என்னோடு பேசுகிறாள், உப்பு இல்லை, தண்ணீர் வந்துவிட்டது, கேஸ் தீர்ந்துவிட்டது என்கிற அளவுக்கு. கிண்டல் செய்வதில்லை. கிண்டல் இல்லாத செண்பகத்தோடு இருப்பது யாரோ உறவுக்காரர் வீட்டில் தங்கியிருக்கிற மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 28, திங்கள்

131. எல்லாப் பாரத்தையும் தாங்குகிற இடது காலின் சுண்டுவிரல் ஓரத்தில் செருப்பு கடித்துவிட்டது. சின்னக் கொப்புளம். காலையில் எண்ணெய் தடவும்போது நான்தான் பார்த்தேன். அவளுக்கு வலிக்கவில்லை.

ஒன்றும் சொல்லாமல் கட்டிலை ஜன்னலோரம் இழுத்தேன். வெள்ளை லைனிங் துணியை விரித்தேன். காலை அதன் மேல் தூக்கி வைத்தேன். டப்பாவிலிருந்து அவளுடைய சின்ன கேமராவை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, குனிந்து கிட்டே போனேன். விரல் பொத்தானை அழுத்த மறுத்தது. எத்தனையோ கல்யாணம் எடுத்த விரல்.

செண்பகம் கையை நீட்டினாள்.

"கேமராவ இங்க குடுங்க."

கொடுத்தேன்.

"நீங்க டேப்பப் பிடிங்க."

பிடித்தேன். கொப்புளத்தின் ஓரத்தில், பூஜ்யம் இருக்கிற முனை சரியாக ஒட்டும்படி. அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். "ஆடாமப் பிடிங்க" என்றாள். மூச்சைக் கூட விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். எடுத்தாள். படத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். கார்டை உருவிப் போனில் செருகி டாக்டருக்கு அனுப்பினாள். கேமராவைத் தலையணைக்கு அடியில் தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.

"டைரியில எழுதிக்கோங்க" என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

இடது கால், சுண்டுவிரல் ஓரம். கால் இஞ்சுக்கும் குறைவு. நிறம் சிவப்பு. கருப்பு இல்லை, ரெண்டு பேரும் பார்த்தாச்சு. படம் எடுத்தது செண்பகவல்லி. டேப் பிடித்தது வீட்டுக்காரர்.